வீரர் நிர்வாகத்தில் செயல்முறை மேலாண்மை: ஆலையில் பழகியது இங்கே எவ்வளவு தூரம் உதவும்?

கேள்வியின் சுருக்கம் இது. பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் செயல்முறை மேம்பாட்டுப் பிரிவில் இருக்கிறீர்கள். பினாங்கில் ஒரு தொழில்முறைக் காற்பந்து கிளப்பையும், கூடவே சில பூப்பந்து, ஸ்குவாஷ் வீரர்களையும் பார்த்துக்கொள்ளும் நிர்வாகம், வீரர் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தித் தரும்படி உங்களைக் கேட்டிருக்கிறது. ஆலையின் வணிகச் செயல்முறை மேலாண்மை முறைகளை (ஒரு வேலை யார் கை வழியாக எப்படி நகர்கிறது என்று வரைந்து, அளந்து, சீராக்குவது) அப்படியே கொண்டுவரலாமா, எங்கே தொடங்குவது, எந்த மென்பொருள் வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முதல் மூன்று மாதத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம். காரணம் கீழே வரும்.

ஆலையில் ஒரே வேலை நாளுக்கு ஆயிரம் முறை நடக்கும். அதனால் சராசரி நேரம், விலகல், குறைபாட்டு வீதம் எல்லாவற்றுக்கும் அங்கே பொருள் உண்டு. கிளப்பில் முப்பது வீரர்கள் இருந்தாலே பெரிய அணி. வெளிநாட்டு வீரர் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஐந்தாறு வரலாம், தலையில் அடிபட்ட சம்பவம் பருவத்துக்கு இரண்டு மூன்று. இந்த எண்ணிக்கையில் சராசரி ஒன்றும் சொல்லாது. நான்கு ஒப்பந்தங்கள் சுலபமாக முடிந்து ஐந்தாவது மட்டும் பதிவுக் கெடுவைத் தாண்டிவிட்டால், சராசரி அழகாகத்தான் இருக்கும். அந்த ஐந்தாவது ஆளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே அரைப் பருவம் பார்வையாளர் வரிசையில் உட்கார வைப்பீர்கள். ஆகவே இங்கே அளக்க வேண்டியது ஒன்றுதான்: வேலை முடிந்த நாளுக்கும் கெடு நாளுக்கும் நடுவே எவ்வளவு மிச்சம் இருந்தது.

அடுத்த வித்தியாசம், வரைபடத்தில் எதை நகர்த்துவது என்பது. வீரர் உள்ளே வருகிறார், பயிற்சி செய்கிறார், ஆடுகிறார், வெளியே போகிறார் என்று ஒரு பெரிய படம் போட ஆசை வரும். சுவரில் ஒட்ட நன்றாக இருக்கும், வேறு உபயோகம் இல்லை. நகர வேண்டியது முடிவு. இந்த ஆளைப் பதிவு செய்யலாமா? இந்த மாத்திரையை விழுங்கலாமா? சனிக்கிழமை ஆடலாமா? ஒவ்வொரு முடிவையும் யார் சொல்வது, எந்தத் தாளைப் பார்த்துச் சொல்வது, எத்தனை மணிக்குள் சொல்வது, அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் சொல்வது. இந்த நான்கும் எழுத்தில் இருந்தால் போதும். செயல்முறைகளை வரையப் பயன்படும் பிபிஎம்என் குறியீட்டில் நூற்றுக்கு மேல் சின்னங்கள் உண்டு. தொடக்கம், வேலை, பிரிவு, காத்திருப்பு, முடிவு என்ற ஐந்தை வைத்தே எல்லாவற்றையும் வரைந்துவிடலாம். கோச்சுக்கும் அதுதான் புரியும்.

எதை முதலில் எடுப்பது? இரண்டு கேள்வி கேளுங்கள். கெடுவை வெளியில் இருப்பவர் வைக்கிறாரா? தவறினால் திருத்த முடியாதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது முதல் பட்டியல். அப்படிப் பார்த்தால் வீரர் பதிவு, சம்பளம், மருந்து, இருப்பிடத் தகவல், காயத்திலிருந்து திரும்புதல் ஆகிய ஐந்துதான் தேறும். ஜெர்சி அளவு, ஹோட்டல் அறை, பேருந்து எல்லாம் டீம் மேனேஜர் ஏற்கெனவே நன்றாகத்தான் செய்துகொண்டிருப்பார். அவரை விட்டுவிடுங்கள்.

இப்போது நடப்பதைத் தெரிந்துகொள்ள நேர்காணல் வேண்டாம். ஒவ்வொருவரும் எஸ்ஓபி என்ற நடைமுறைக் கையேட்டில் எழுதியிருப்பதைத்தான் ஒப்பிப்பார்கள். கிளப்பின் உண்மையான செயல்முறை வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஒவ்வொரு வகையிலும் கடைசியாக நடந்த மூன்று சம்பவங்களை எடுங்கள். டீம் மேனேஜர், பிசியோ, கணக்காளர் மூவரையும் சேர்த்து உட்கார வைத்து, செய்திகளை மணி நேரத்தோடு வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். வீரர், கோச், மருத்துவர், டீம் மேனேஜர், அலுவலகம், வெளி அமைப்பு என்று ஆறு தடங்கள் கொண்ட ஸ்விம்லேன் படம் தானாக வந்துவிடும். வேலைக்கு ஆன நேரம் சொற்பமாகவும், ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகக் காத்திருந்த நேரம் பெரிதாகவும் தெரியும். "பாஸ் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்" என்ற வரி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வீரர் பதிவு நீளமாக இருக்கும், ஏனென்றால் அதிகம் தவறுவது அங்கேதான்.

வெளிநாட்டு வீரரை எடுக்கும்போது பெரும்பாலான கிளப்புகள் கையெழுத்தை முதலிலும் மருத்துவப் பரிசோதனையை இரண்டாவதாகவும் வேலை அனுமதியைக் கடைசியாகவும் வைக்கின்றன. வேறு கிளப் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயம். "மருத்துவத்தில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ஃபிஃபாவின் வீரர் நிலை, மாற்றம் குறித்த விதிகளில் 18ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவைப் படியுங்கள்: மருத்துவப் பரிசோதனையையோ வேலை அனுமதியையோ நிபந்தனையாக வைத்து ஒப்பந்தத்தின் செல்லுபடியைத் தீர்மானிக்கக் கூடாது. அதாவது அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. முழங்கால் எம்ஆர்ஐ மோசமாக வந்தாலும், குடிநுழைவுத் துறை இல்லை என்று சொன்னாலும், கையெழுத்துப் போட்ட சம்பளம் உங்கள் தலையில். உங்கள் வரைபடத்தில் செய்ய வேண்டிய மிக முக்கியமான ஒரே திருத்தம் இந்த வரிசையை மாற்றுவதுதான். பரிசோதனை முடிந்து, அனுமதிக்கான ஆவணங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்த்து, அதன் பிறகு பேனாவை எடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் இன்னொரு கதவு. வீரருக்குத் தற்போது கிளப் இருந்தால், அவரோடு பேச்சுத் தொடங்கும் முன்பே அந்தக் கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்திருந்தால், அல்லது ஆறு மாதத்துக்குள் முடியப்போகிறது என்றால் மட்டுமே அவர் தன் விருப்பப்படி வேறு கிளப்போடு ஒப்பந்தம் செய்ய முடியும். ஏஜெண்ட் அனுப்பும் ஒரு பக்க பிடிஎஃப்பை நம்பாமல் ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியை மூலத்திலேயே பாருங்கள். ஒரு பருவத்தில் மூன்று கிளப்புகளில் பதிவாகலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டங்களை இரண்டுக்கு மட்டுமே ஆட முடியும் என்ற பொது விதியும் உண்டு. பருவத்தின் நடுவில் வருபவர்களிடம் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்தக் காலம் அதிகபட்சம் ஐந்து ஆண்டு, 18 வயதுக்குக் கீழே என்றால் மூன்று.

பிறகு ஃபிஃபாவின் டிஎம்எஸ், அதாவது வீரர் மாற்றங்களை இணையத்தில் பதியும் முறை. 2010 அக்டோபரிலிருந்து பன்னாட்டு மாற்றங்களுக்கு இது கட்டாயம். ஒரு கிளப்பிலிருந்து இன்னொன்றுக்கு நேரடி மாற்றம் என்றால் இரு பக்கமும் பதியும் விவரங்கள் ஒத்துப்போக வேண்டும். தவணைத் தேதியில் ஒரு நாள் வித்தியாசம், பாஸ்போர்ட்டில் நடுப்பெயர், இவை போதும் நின்றுவிட. பன்னாட்டு மாற்றுச் சான்றிதழைப் பதிவுக் காலத்தின் கடைசி நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி உள் கெடுக்களை வையுங்கள். நான் பரிந்துரைப்பது இது: கடைசி நாளுக்கு 21 நாள் முன்பு ஆள் முடிவாகியிருக்க வேண்டும், 14 நாள் முன்பு மருத்துவம், 10 நாள் முன்பு ஆவணக் கோப்பு முழுமை, 5 நாள் முன்பு கையெழுத்து, 3 நாள் முன்பு டிஎம்எஸ் பதிவு. கடைசி நாளுக்கு 18 நாள் இருக்கும்போது கோச் புதுப் பெயர் ஒன்றைக் கொண்டு வந்தால் "முடியாது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் "விதிவிலக்கு" என்று ஒரு படிவம் வையுங்கள். அதில் தலைமை நிர்வாகி கையெழுத்திட வேண்டும், எந்தப் படியைச் சுருக்குகிறோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். கையெழுத்து என்றதும் பாதிப் பேர் பின்வாங்குவார்கள்.

ஆவணக் கோப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் ஃபிஃபாவின் ஒழுங்குக் குழு மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும், ஏழு வீரர்களுக்கு 12 மாதத் தடையும் விதித்தது நமக்கெல்லாம் தெரியும். விவகாரம், தகுதியைக் காட்டக் கொடுத்த வம்சாவளி ஆவணங்கள். வழக்கின் நியாய அநியாயம் இங்கே வேண்டாம். செயல்முறைக் கண்ணோடு பார்த்தால் கேட்க வேண்டியது ஒன்று: ஒவ்வொரு தாளும் எந்த அலுவலகத்திலிருந்து, யார் கை வழியாக வந்தது? பல கிளப்புகளில் ஏஜெண்ட் ஸ்கேன் அனுப்புவார், அலுவலகப் பெண் அதை அச்செடுத்துக் கோப்பில் வைப்பார், செயலாளர் கோப்பு நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். மூன்று பேர் தொட்டிருக்கிறார்கள், ஒருவரும் சரிபார்க்கவில்லை. உங்கள் சரிபார்ப்புத் தாளில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் நான்கு கட்டங்கள் இருக்கட்டும்: வழங்கிய அலுவலகம், அங்கிருந்து நேரடியாகப் பெற்றவர் யார், மூலத்தோடு ஒப்பிட்டவர் யார், தேதி. பெற்றவரும் ஒப்பிட்டவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இருவரில் ஒருவராகவும் ஏஜெண்ட் இருக்கக் கூடாது.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும். லூனாஸிலோ சுங்கை சிப்புட்டிலோ இருந்து வரும் 19 வயதுப் பையன் அதைப் படித்ததாகத் தலையாட்டுவான். போனஸ், காயக் காலச் சம்பளம், முன்கூட்டி முறித்தால் என்ன என்ற மூன்று பகுதிகளை மட்டுமாவது அவனுக்குத் தெரிந்த மொழியில், அப்பா அம்மாவும் உட்கார்ந்திருக்கும்போது விளக்கியதாக ஒரு படி இருக்க வேண்டும். பிற்பாடு வரும் சண்டைகள் பலவும் இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்ததால் வந்தவை.

சம்பளம். மலேசிய லீக்கில் சம்பளப் பாக்கி என்பது புதுச் செய்தி இல்லை. செயல்முறையாகப் பார்க்கும்போது தவறு எங்கே என்றால், கணக்குப் பிரிவு அதைப் பணப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கிறது. ஃபிஃபா விதி 14பிஸ் படி இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராவிட்டால், வீரர் எழுத்தில் அறிவித்து, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்கும் பணம் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அந்த அறிவிப்புக் கடிதம் கிளப்பின் பொது மின்னஞ்சலுக்கு வரும். அதை யார் தினமும் திறக்கிறார்? பதில் "முன்பு இருந்தவர்" என்றால் 15 நாள் ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர், ஒரு மாற்றாள், 24 மணி நேரத்தில் சட்ட ஆலோசகர் கைக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி. உள்ளூர்ச் சட்டத்தில் சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போட வேண்டும். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), வருமான வரிப் பிடித்தம் மூன்றும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டவருக்கும் இபிஎஃப் கட்டாயம், இரு தரப்பும் தலா 2 விழுக்காடு. பழைய சம்பளத் தாளை நகலெடுத்தே ஓட்டும் கிளப்பில் இந்த வரி விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம், போனதும் பாருங்கள்.

மருந்து விஷயம், அதாவது ஊக்கமருந்துச் சோதனையில் சிக்காமல் பார்த்துக்கொள்வது, சிறியதாகத் தெரியும், விளைவு பெரியது. பூப்பந்து வீரர் டத்தோ லீ சோங் வெய் 2014 கோப்பன்ஹேகன் உலகப் போட்டியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துக்காகச் சோதனையில் சிக்கியதும், விசாரணைக் குழு ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று ஏற்றுக்கொண்டு எட்டு மாதத் தடையோடு முடித்ததும் நினைவிருக்கும். மூலம் என்று ஏற்கப்பட்டது ஒரு துணை உணவுக் காப்ஸ்யூலின் உறை. உலகின் முதல் நிலை ஆட்டக்காரருக்கே இப்படி நடக்குமென்றால் உங்கள் கிளப்பின் இரண்டாம் கோல் காவலருக்கு நடக்காதா?

இதற்கான ஓட்டம் எளிது. விழுங்குவது, பூசுவது, ஊசி போடுவது எதுவானாலும் முதலில் படம் எடுத்து ஒரே ஓர் எண்ணுக்கு அனுப்ப வேண்டும். பெட்டியின் முன்பக்கம், பின்பக்கம், தொகுதி எண் மூன்றும் தெரிய வேண்டும். அணி மருத்துவர் நான்கு மணி நேரத்துக்குள் சரி, வேண்டாம், விலக்கு விண்ணப்பம் (சிகிச்சைக்காகத் தடை மருந்தை எடுக்க அனுமதி கேட்பது) தேவை என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார். பதில் வரும்வரை வாயில் போடக் கூடாது. துணை உணவாக இருந்தால் அதே தொகுதியில் ஒரு டப்பாவைச் சீல் உடைக்காமல் எடுத்து வையுங்கள். பின்னால் விளக்கம் சொல்ல வேண்டி வந்தால் அந்த டப்பாதான் சாட்சி.

எங்கே உடையும்? ஞாயிற்றுக்கிழமை. பல்வலி, வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக், வலிக்கு டிரமடால். போட்டிக் காலத்தில் டிரமடால் 2024 ஜனவரி 1 முதல் தடை என்பது அந்த மருத்துவருக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. இன்னொரு வாசல் நம் வீடுகளில் இருக்கிறது. தீபாவளி லேகியம், சென்னையிலிருந்து சித்தி கொண்டு வந்த மூட்டுவலிச் சூரணம், லிட்டில் இந்தியாவில் வாங்கிய சத்துப் பொடி. இவற்றை மருந்து என்று வீட்டில் யாரும் நினைப்பதில்லை, அதனால் படம் எடுத்து அனுப்பவும் தோன்றாது. பட்டியலில் "வீட்டு மருந்து" என்றே ஒரு வரி எழுதி, வருடத்துக்கு ஒரு முறை பெற்றோரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று மாறும், மூன்று மாதம் முன்பே வெளியாகும். அக்டோபரில் அணி மருத்துவர் தன் மருந்துப் பெட்டியைப் புதுப் பட்டியலோடு ஒப்பிடுவது நாட்காட்டியில் இருக்க வேண்டும். விலக்கு விண்ணப்பம் போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பு போக வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

இருப்பிடத் தகவல், அதாவது ஊக்கமருந்துச் சோதனை அதிகாரி திடீரென்று வந்தால் வீரர் எங்கே இருப்பார் என்ற பதிவு, எல்லா வீரருக்கும் இல்லை. பதிவுபெற்ற சோதனைக் குழுவில் இருப்பவர்களுக்குத்தான் முழுக் கடமையும். உங்கள் கையில் உள்ளவர்களில் பூப்பந்து, ஸ்குவாஷ் ஆட்களில் சிலர் இருக்கலாம். ஒவ்வொரு காலாண்டுக்கும் முன்கூட்டியே எங்கே தங்குகிறோம், எங்கே பயிற்சி என்று பதிவு செய்து, தினமும் காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணிக்குள் ஏதாவது 60 நிமிடத்துக்கு ஓரிடத்தில் நிச்சயமாக இருக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று தவறு என்றால் இரண்டு ஆண்டுத் தடை, சூழ்நிலையைப் பார்த்து ஓராண்டு வரை குறையலாம்.

எப்படித் தவறுகிறது என்று பாருங்கள். ஜோர்ஜ்டவுன் ஆட்டக்காரர் ஒருவர் காலை 6 முதல் 7 வரை வீடு என்று போட்டிருக்கிறார். தூங்கி எழும் நேரம், சௌகரியம். தைப்பூசத்தன்று அதிகாலை 4 மணிக்கே குடும்பத்தோடு பால் குடம் எடுத்துத் தண்ணீர்மலைக்குக் கிளம்பிவிடுகிறார். சாலைகள் மூடியிருக்கின்றன, கைப்பேசி அம்மாவின் பையில். சோதனை அதிகாரி வீட்டு வாசலில் முழு 60 நிமிடம் நின்றுவிட்டுப் போகிறார். ஒரு தவறு பதிவாகிவிட்டது. இதில் கெட்ட எண்ணம் எங்கேயும் இல்லை, ஆனால் விதி எண்ணத்தைக் கேட்பதில்லை.

இதற்கு டீம் மேனேஜர் வீரரின் கடவுச்சொல்லை வாங்கித் தானே நிரப்புவது வழியல்ல. யார் நிரப்பினாலும் பொறுப்பு வீரர் மேலேயே விழும், அதோடு அவருக்கே தன் பதிவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போகும். செயல்முறையில் இணைக்க வேண்டியது தூண்டுதலை மட்டும். பயிற்சி அட்டவணை மாறினால், விமான நேரம் தள்ளினால், பண்டிகை விடுமுறை அறிவித்தால், அந்த அறிவிப்பின் கடைசி வரி "இருப்பிடப் பதிவை இன்று மாற்றிவிட்டுத் திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பவும்" என்று இருக்கட்டும். அறிவிப்பை அனுப்புபவரே திரைப்பிடிப்பு வந்ததா என்று மாலையில் எண்ணுவார். தைப்பூசம், தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு நான்குக்கும் மூன்று நாள் முன்பு தனி நினைவூட்டல்.

காயத்திலிருந்து திரும்புவதில் ஆலை அனுபவம் உங்களுக்கு நிஜமாகவே கைகொடுக்கும். தரச் சோதனையில் தேறாத லாட்டை (ஒரு தொகுதிச் சரக்கை) உற்பத்தி மேலாளர் தன் விருப்பத்துக்கு வெளியே விட முடியாது என்ற கட்டுப்பாடு இங்கே அப்படியே வேண்டும். மருத்துவரின் "இல்லை" என்பதைக் கோச் மாற்ற முடியாது. இதை எழுதுவது சுலபம், நடத்துவது கடினம்; மருத்துவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது கோச்சின் கையில் இருந்தால் படத்தில் என்ன வரைந்தாலும் பயனில்லை. மருத்துவர் தலைமை நிர்வாகியிடம் நேராகப் பொறுப்பாக இருக்கிறாரா என்று அமைப்பு வரைபடத்தில் முதலில் பாருங்கள்.

தலை அதிர்ச்சிக்கு உலகளவில் ஏற்கப்பட்ட ஆறு படிகள் இருக்கின்றன: அறிகுறி கூடாத அளவு அன்றாட வேலை, ஓட்டம் சைக்கிள் போன்ற மூச்சுப் பயிற்சி, தனியாக ஆட்டப் பயிற்சி, மோதல் இல்லாத குழுப் பயிற்சி, முழுப் பயிற்சி, ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். நான்காம் படிக்குப் போகுமுன் அறிகுறிகள் முற்றிலும் போயிருக்க வேண்டும், முழு மோதல் பயிற்சிக்கு முன் மருத்துவர் அனுமதி வேண்டும். தலை அதிர்ச்சியைக் கண்டறியக் களத்தில் பயன்படுத்தும் ஸ்காட்6 சோதனை முதல் 72 மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். ஆட்டம் சனிக்கிழமை இரவு, மருத்துவர் திங்கள் மாலைதான் பார்க்கிறார் என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது. எனவே வெளியூர் ஆட்டத்துக்கு யார் போகிறார் என்பதும் இந்தச் செயல்முறையின் பகுதி.

தொடைப் பின்தசைக் காயம் வேறு மாதிரி. ஐரோப்பிய முன்னணி கிளப்புகளை 2001 முதல் 2022 வரை தொடர்ந்து கவனித்த, ஐரோப்பியக் காற்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் ஆய்வில், மொத்தக் காயங்களில் இதன் பங்கு 12 விழுக்காட்டிலிருந்து 24 ஆனது. இங்கே நாள் கணக்கை நுழைவாயிலாக வைக்காதீர்கள். "மூன்று வாரம்" என்று பத்திரிகைக்குச் சொன்ன தேதியே கடைசியில் முடிவெடுக்கும் தேதியாகிவிடும். வலியின்றி முழு நீட்சி, இரு கால் வலிமை ஒப்பீடு, முழு வேக ஓட்டம், குழுவோடு சில முழுப் பயிற்சிகள் என்று தகுதிகளை வையுங்கள். எண்களைப் பிசியோவும் மருத்துவரும் எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம்.

பயிற்சிப் பளு பற்றி ஓர் எச்சரிக்கை. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்தில் எவ்வளவு கஷ்டம் என்று 10க்கு மதிப்பெண் கேட்டு நிமிடத்தால் பெருக்குவார்கள்; 80 நிமிடம், 7 மதிப்பெண் என்றால் 560. இந்த வாரப் பளுவை முந்தைய நான்கு வாரச் சராசரியால் வகுத்து 0.8 முதல் 1.3 வரை பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் எல்லாரும் சொன்னார்கள். அதன் புள்ளியியல் அடிப்படை மேல் பலமான விமர்சனங்கள் வந்துவிட்டன. ஆலையில் பழகிய கைக்கு இதைக் கட்டுப்பாட்டு வரைபடமாக்கி, எல்லைக் கோட்டைத் தாண்டினால் தானாக ஓய்வு என்று போடத் தோன்றும். போட்டால் ஒரு மாதத்தில் எல்லா வீரரும் 5 என்றே எழுதுவார்கள், ஏனென்றால் 8 எழுதியவன் பெஞ்சில் உட்கார்ந்ததை அவர்கள் பார்த்திருப்பார்கள். எண் ஓர் உரையாடலைத் தொடங்கட்டும், முடிவை ஆள் எடுக்கட்டும். நோன்பு மாதத்தில் பயிற்சி இரவுக்கு மாறும்போது இதே எண்கள் வேறு பொருள் தரும், அந்த நான்கு வாரத்தைத் தனியாக வைத்துப் பாருங்கள்.

கோச்சுக்கு நோயின் பெயர் தேவையில்லை. ஆடலாம், இவ்வளவு நிமிடம் மட்டும், ஆட முடியாது, அடுத்த மறுபார்வை எப்போது. இவ்வளவுதான் அவர் தடத்துக்குப் போக வேண்டும். உடல்நலத் தகவல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உணர்வுமிக்க தரவு, வெளிப்படையான சம்மதம் வேண்டும். 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவு நடந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எம்ஆர்ஐ படத்தை 40 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே நிறுத்துங்கள். பூப்பந்து ஆட்களுக்கு இதில் இன்னொரு நூல் சேரும்: உலகச் சுற்றில் முன்வரிசையில் இருப்பவர் கட்டாயப் போட்டிக்கு வராவிட்டால் 5,000 அமெரிக்க டாலர் அபராதம் வரலாம். ஆகவே மருத்துவர் "முடியாது" என்று சொன்ன அன்றே விலகல் கடிதமும் சான்றும் அலுவலகத் தடத்தில் நகர வேண்டும்.

இப்போது மென்பொருள். வீரர் நிர்வாகத்துக்கென்றே விற்கும் மென்பொருள்கள் நல்லவைதான், ஆனால் முடிவெடுப்பவர் யார் என்று தெரியாத கிளப்பில் வாங்கி வைத்தால் பழைய குழப்பம் மாதச் சந்தாவோடு நடக்கும். மூன்று மாதம் ஒரு பகிர்ந்த தாள், கூகுள் படிவம், நாட்காட்டி நினைவூட்டல் போதும். மருத்துவத் தாளை மட்டும் தனிக் கோப்பாக, மருத்துவரும் பிசியோவும் மட்டும் திறக்கும்படி வையுங்கள். வாரம் ஒரு முறை 20 நிமிடம் ஐந்து பேர் நின்றுகொண்டே கூடுங்கள். பார்க்க வேண்டியது இரண்டு: அடுத்த 21 நாளில் வரும் கெடுக்கள், போன வாரம் மயிரிழையில் தப்பியவை. மூன்று மாதம் கழித்து எந்தத் தாள் சிக்குகிறது என்று அந்தக் குறிப்புகளே சொல்லும். அதற்கு மட்டும் மென்பொருள் வாங்குங்கள். அணித் தேர்வு, ஆட்ட உத்தி, உடை மாற்றும் அறைப் பேச்சு மூன்றின் பக்கமும் படிவத்தோடு போகாதீர்கள். போனால் மற்ற ஐந்தும் நின்றுவிடும்.

வெளியேறுவதற்கும் ஒரு படம் வேண்டும், இது எல்லாரும் விடுவது. 2022 ஜனவரியில் தேசியப் பூப்பந்துச் சங்கத்திலிருந்து விலகிய இரு முன்னணி ஆட்டக்காரர்களுக்கு இரண்டு ஆண்டுத் தடை அறிவிக்கப்பட்டு, சில நாள்களிலேயே விலக்கப்பட்டது. விலகல் கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்பது முன்பே எழுதி இரு பக்கமும் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தச் சில நாள்கள் பத்திரிகையில் ஓடியிருக்காது. உங்கள் படத்தில் ஒப்பந்த முடிவுக்கு ஏழு மாதம் முன்பு ஒரு மணி அடிக்கட்டும். ஆறு மாதம் மிச்சமிருக்கும்போது வேறு கிளப் வீரரோடு ஒப்பந்தமே போட்டுவிடலாம். புதுப்பிப்பதா விடுவதா என்று அந்த ஒரு மாதத்தில் எழுத்தில் சொல்லுங்கள். போகிறவருக்கு மருத்துவப் பதிவின் நகல், கடைசிச் சம்பளக் கணக்கு, இபிஎஃப் வரவு, விளம்பரதாரர் கடமை எப்போது முடிகிறது என்ற தேதி நான்கும் ஒரே உறையில் போக வேண்டும். சோதனைக் குழுவில் இருந்தவர் ஓய்வு பெறுகிறார் என்றால் ஊக்கமருந்து தடுப்பு அமைப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மனம் மாறித் திரும்ப விரும்பினால் ஆறு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து, அந்த ஆறு மாதமும் சோதனைக்குத் தயாராக இருந்தால்தான் போட்டியில் இறங்கலாம். அந்த வரியை வெளியேறும் படிவத்தில் அச்சடித்து, பக்கத்தில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.